தொட்டியின் தரையில் ஆயுத பூஜை

1

ஆயுத பூஜை அன்று இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும்தான் வேலைக்குப் போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் எனக்குத் தோன்றும். உண்மையில் ஊரே போகிறது. பேருந்து ஓடுகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, தபால்காரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறாள். ஒரு வண்டியின் முன்னால்கூட வாழைக்கன்று கட்டியிருக்காது, ஒரு சக்கரத்துக்கு அடியில்கூட எலுமிச்சம்பழம் இருக்காது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சுருக்கென்று ஒரு எரிச்சல் வரும்.

நான் இருப்பது ஸ்வீடனில். ஊரின் பெயரைச் சொன்னால் தாம்பரத்தில் யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள், அப்படி ஒரு பெயர். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்பும் நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிப் பேருந்தில் நானும் என் மகள் கயலும் ஏறுவோம். அவளுக்குப் பதினேழு வயது. நான் முன்னால் உட்கார்ந்தால் அவள் பின்னால் போய் உட்காருவாள். நான் பின்னால் போனால் அவள் முன்னால். காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் வரும், கேள்வி கொஞ்சம் நீளமாக இருந்தால் தோளைக் குலுக்குவதோடு சரி.

இந்த வருட ஆயுத பூஜை அன்று பேருந்தில் இருந்தபோது முருகேசன் அண்ணனிடமிருந்து ஒரு புகைப்படமும் ஒரு குரல் செய்தியும் வந்தன. முருகேசன் அண்ணன் என்னோடு தாம்பரம் பக்கத்துத் தண்ணீர் நிலையத்தில் வால்வு ஆபரேட்டராக இருந்தவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு முகநூலில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படம் அனுப்புவார், நானும் எங்கள் நிலையத்துப் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

"மேடம், இன்னா சௌக்கியமா கீறீங்களா? நம்ப தொட்டியிலயும் உங்க ஊரு மாதிரியே சாய்வா மாட்டிட்டாங்க, பாருங்க. ஷோக்கா கீது. இன்னிக்கு பூஜை. வழக்கம்போல தொட்டிய காலி பண்ணிக்கினு கீறோம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான் மேடம், ஒரு வருஷம்கூட வுட்டதில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். "சூப்பர் அண்ணா, நல்லா பண்ணுங்க!" என்று எழுதி, கும்பிடும் கைகளை நான்கு முறை போட்டு அனுப்பினேன். இறங்கும்போது கயலிடம் படத்தைக் காட்டினேன். "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

2

அந்த நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாருக்காவது மெமோ போகும். தாம்பரத்துக்குத் தெற்கே, கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கும் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் சின்ன நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடு. ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவேன். கான்ட்ராக்ட் கெமிஸ்ட் என்று பெயர். குவாரித் தண்ணீரில் படிகாரம் எவ்வளவு போட வேண்டும் என்று தினமும் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆய்வகத்தில் எனக்குத் துணை டெய்சி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பீர்க்கன்கரணைக்காரி. கண்ணாடிக் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தே கலங்கலைச் சொல்லிவிடுவாள், மீட்டர் பிறகுதான் ஒத்துக்கொள்ளும்.

படிகாரம் போட்ட தண்ணீர் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டிக்குள் வரும். அங்கே நின்று நிதானமாக நகரும்போது மண்ணெல்லாம் அடியில் படியும். மேலே தெளிந்தது வடிகட்டிக்குப் போகும். கோளாறு என்னவென்றால், படிந்த சேற்றை யாரும் முழுசாக எடுத்ததே இல்லை. நான் சேர்ந்தபோது முழங்கால் உயரம் இருந்தது. மழைக்காலம் வந்தால் அந்தச் சேறு கிளம்பி, தெருக்குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். தொட்டியை ஒரு நாள் நிறுத்திக் கழுவலாம் என்று அப்போதிருந்த என்ஜினீயரிடம் ஏழெட்டு முறை எழுதிக் கொடுத்தேன். "சப்ளை நின்னா வார்டுல இருந்து எனக்குத்தாம்மா போன் வரும், உனக்கா வரும்?" என்பார். காகிதம் மேசையிலேயே கிடக்கும்.

டெய்சி அக்காவும் நானும் சேர்ந்து ஒரு திருட்டு வேலை செய்தோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவரிடம் போய், "சார், தொட்டிக்கும் பூஜை போடணுமாம் சார். தண்ணியோட போட்டா ஆகாதாம், காலி பண்ணிக் கழுவித்தான் போடணுமாம். லேபர்ஸ் ஒரே பிடிவாதமா நிக்கிறாங்க" என்றேன். அறிவியல் சொன்னபோது அசையாத மனுஷர், உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? சாமி விஷயம். பண்ணிடுங்கம்மா" என்றார். முருகேசன் அண்ணனிடம் போய், "சார் சொல்லிட்டார், தொட்டியைக் காலி செய்துதான் பூஜையாம்" என்றேன். இரண்டு பக்கமும் ஒரே பொய். அதையே விதி மாதிரி ரெஜிஸ்டரிலும் என் கையால் எழுதி வைத்தேன். என் ஐடியாவை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

காலையில் வால்வைத் திறந்தால் மதியத்துக்குள் தொட்டி காலியாகும். ஏணி வைத்து இறங்கி, சேற்றை வாரி, தரையைக் கழுவி, அந்தத் தரையிலேயே பூஜை. இரண்டு ஆள் ஆழத்தில் சில்லென்று இருக்கும். மேலே வானம் சதுரமாகத் தெரியும். முருகேசன் அண்ணன் ஸ்பானர், வால்வுச் சாவி, என்னுடைய பிப்பெட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்குவார். மணி அடித்தால் நான்கு சுவரும் திருப்பி அடிக்கும். டெய்சி அக்கா சாமி கும்பிட மாட்டாள், ஆனால் பொரி பங்கு வைக்கும்போது முதல் ஆளாக ஏணியில் இறங்கிவிடுவாள். "ஏசப்பா பொரிக்கு ஒண்ணும் சொல்லலடி" என்பாள். பொரியும் பொட்டுக்கடலையும் தின்றுகொண்டு, ஊருக்கே போகும் தண்ணீர் நிற்கும் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

3

சாய்வாக மாட்டியது என்று முருகேசன் அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மண் துகள் மேலேயிருந்து தொட்டியின் அடிவரை விழ நேரம் பிடிக்கும். அதனால் அதிகத் தண்ணீர் வேண்டுமென்றால் இன்னொரு தொட்டி கட்ட வேண்டும், தாம்பரம் பக்கம் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? அதற்குப் பதில், இருக்கும் தொட்டிக்குள்ளேயே தகடுகளைச் சரிவாக, நெருக்கமாக அடுக்கிவிடலாம். துகள் சில விரற்கடை விழுந்தாலே ஒரு தகட்டில் தட்டும். தட்டியது சேர்ந்து, சரிவில் வழுக்கிக் கீழே போகும். ஒரே இட்லிப் பானையில் தட்டை அடுக்கிக்கொண்டு போவது மாதிரிதான். பானை அதே பானை, இட்லி அதிகம். இங்கே எங்கள் நிலையத்தில் அது எஃகுத் தகடு. அங்கே, படத்தில் பார்த்தேன், தேன்கூடு மாதிரி ஒட்டிய பிளாஸ்டிக் குழாய்க் கட்டுகள். தொட்டியின் மேல்பாதியில் கம்பிச் சட்டங்களின் மீது வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள்.

அது வந்ததில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவுக்கே நன்மை. என் தம்பி மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறான். "அம்மா வீட்டுல இப்ப குழாய்ல வருதுக்கா, நான் அங்க போய் குளிக்கிறேன்" என்று மூன்று மாதம் முன்பு சொன்னான். கேட்டபோது, அந்தத் தொட்டியில் எனக்கும் ஏதோ பங்கு இருப்பது போல உட்கார முடியாமல் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன்.

அன்று காலை எங்கள் நிலையத்திலும் தகடு கழுவும் முறை. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு தொட்டியாகக் கழுவுவோம். பொறுப்பாளர் குனில்லா. அறுபதை நெருங்குகிறவர். ஆமாம் என்று சொல்வதற்கு இந்தப் பக்கத்து ஆட்கள் மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுப்பார்கள். முதல் வருடம் அவருக்கு ஆஸ்துமா என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

குனில்லாவின் முறை என் பொறுமையைச் சோதிக்கும். தண்ணீரை ஒரு சாண் இறக்குவார். வெளியே தெரியும் தகடுகளைக் குழாயால் அடித்துச் சேற்றைக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் இன்னொரு சாண். மறுபடி கழுவு. ஒரு தொட்டிக்கு ஒரு முழு நாள். மொத்தத் தண்ணீரையும் திறந்துவிட்டுக் கழுவினால் மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாமே என்று வந்த புதிதில் கேட்டேன். அவர் ஒரு தகட்டைக் காட்டி, "தண்ணீர்தான் இதைத் தாங்குகிறது" என்றார். தண்ணீருக்குள் இருக்கும்வரை சேற்றின் கனம் தெரியாது. தண்ணீர் போய்விட்டால் அத்தனை ஈரச் சேறும் ஒரேயடியாகச் சட்டத்தின் மேல் உட்காரும்.

அன்று இரண்டாவது சாண் இறக்கிவிட்டுக் குழாயைக் கையில் எடுத்தேன். தகடுகளின் மேல் பழுப்பாகச் சேறு வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குனில்லா சொன்னது பல வருடம் கழித்து மறுபடி காதில் விழுந்தது. கூடவே முருகேசன் அண்ணன் காலையில் சொன்னதும்: வழக்கம்போல தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டு இருக்கிறோம்.

குழாய் என் கையிலிருந்து விழுந்தது. எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

4

அவர்கள் காலி செய்வது மட்டும் என்றால் பிளாஸ்டிக் உடையும், அவ்வளவுதான். காலி செய்த பிறகு ஏணியில் இறங்குவார்கள். அந்தக் கட்டுகளுக்கு அடியில் குனிந்து நின்று கழுவுவார்கள். அதன் பிறகு அங்கேயே, அத்தனை சேற்றுக்கும் நேர் கீழே, பொரியோடு உட்காருவார்கள். நான் உட்கார வைத்த இடம் அது. காலையில் வேறு சூப்பர் என்று எழுதியிருந்தேன்.

இங்கே எட்டே முக்கால், அங்கே பன்னிரண்டேகால். பூஜை எப்போதும் இரண்டு மணிக்கு. முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. பூஜை நாளில் அவர் சட்டையைக் கழற்றிக் கம்பி வேலியில் மாட்டிவிட்டுத்தான் வேலை செய்வார், செல்போன் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். எனக்கு அது தெரியும், தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். குரல் செய்தி அனுப்பினேன். கேட்டதற்கான நீலக் குறி வரவே இல்லை.

அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கரும்பலகை. அதில் பொறுப்பு என்ஜினீயர் என்று ஒரு கைபேசி எண். போட்டேன். இளவயதுக் குரல் ஒன்று எடுத்தது, பின்னால் குழந்தைகள் சத்தம்.

"சார், உடனே தொட்டியில தண்ணி இறக்கறதை நிறுத்தச் சொல்லுங்க. அந்தக் கட்டுல சேறு நிறைய இருக்கு, தண்ணி இல்லாம அது தாங்காது. கீழ ஆளுங்க இறங்கப் போறாங்க."

"மேடம், நீங்க யாரு? கன்சல்டன்ட் சைடா?"

"இல்ல சார், முன்னாடி அங்க வேலை பார்த்தவ. இப்ப ஸ்வீடன்ல இருக்கேன்."

"மேடம், டேங்க் கிளீனிங் வருஷா வருஷம் நடக்குது. அப்ரூவ்ட் ஆக்டிவிட்டி. ரெஜிஸ்டர்லயே இருக்கு, ஆயுத பூஜைக்கு முழுசா காலி செய்யணும்னு. நீங்க ஏதாவது சஜஷன் சொல்லணும்னா மெயில் போடுங்க. இன்னைக்கு ஹாலிடே, நாளன்னைக்கு பார்க்கிறேன்."

"ரெஜிஸ்டர்ல அதை எழுதினதே நான்தான் சார்!" என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. என் கையெழுத்தில் இருந்த பொய்யை அவர் விதி என்று படித்திருக்கிறார்.

குனில்லா ஓடி வந்தார். "வீட்டுக்குப் பேச வேண்டும்" என்று அவர் மொழியில் சொன்னேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது. "பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன், ஆமாம் என்றும் ஆட்டினேன். தம்பியைக் கூப்பிட்டால் மேடவாக்கத்திலிருந்து அவன் வந்து சேர ஒன்றரை மணி நேரம், அதுவும் தாம்பரம் வேளச்சேரி சாலை மனது வைத்தால்.

நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டு எண் என் போனில் இரண்டு வருடமாக இருந்தது. முருகேசன் அண்ணன் தந்தது. ஒருமுறைகூடப் போட்டதில்லை.

5

டெய்சி அக்காவின் எண் அது.

எனக்குத் திருமணம் நிச்சயமானபோது வீட்டில் அவசரம். விசா வந்துவிட்டது, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. நிலையத்தில் ராஜினாமா கொடுத்தால் ஒரு மாதம் நிற்க வேண்டும் என்று பயந்து, காய்ச்சல் என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். டெய்சி அக்காவிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். சொன்னால் அழுவாள், நானும் அழுவேன், போகவே மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை.

அவள் என் வேலையையும் சேர்த்து நாற்பது நாளுக்கு மேல் பார்த்தாள் என்பதை முருகேசன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "'புள்ளைக்கு டைபாய்டு சார், வந்துடுவா'ன்னு என்ஜினீயர்கிட்ட சொல்லிக்கினே இருந்துச்சு மேடம், உங்க சீட்ல வேற யாரையும் உக்கார வுடல" என்றார். கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கே ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என் அம்மா கதவைத் திறந்து, அவ வெளிநாடு போயி மாசம் ஆச்சே என்று சொல்லியிருக்கிறாள்.

அதன் தண்டனையை எனக்கு இந்த நாட்டு அலுவலகம் கொடுத்தது. வேலைக்குப் பதியப் போனபோது, முன்பு வேலை செய்த இடத்திலிருந்து சான்றிதழ் கேட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பேன்? படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். ஐந்து வருட நிலையம், கண்ணாடிக் குவளைகள், படிகாரம், தொட்டியின் தரை, எல்லாம் ஒரு வார்த்தையில் போனது. குளியலறை கழுவும் வேலையில் ஆரம்பித்து, மொழி படித்து, மறுபடி ஒரு டிப்ளமா படித்து, இந்த நிலையத்துக்குள் வர ஒன்பது வருடம் ஆனது. நான் அங்கே என்னவாக இருந்தேன் என்று கயலுக்கே தெரியாது. ஒருமுறை அவள் கேட்டபோது, ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன்.

6

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

பதினெட்டு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அக்கா, மாலதி பேசறேன். தொட்டியில தண்ணி இறக்கறாங்க, நிறுத்தணும். பொரி திங்கக் கீழ உக்காரக் கூடாது, மேல சேறு இருக்கு, விழுந்துடும். அண்ணன் போன் எடுக்கல. ஓடுக்கா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. செருப்பு தேய்கிற ஓசை கேட்டது. இரும்புக் கேட் கிறீச்சிட்டது. ஒரு நாய் குரைத்தது.

"நடந்துகிட்டேதான் இருக்கேன், முட்டி வலிக்குது. சொல்லு, எவ்வளவு இறக்கினா விழும்?"

"தெரியல அக்கா. பாதி இறங்கினாலே மேல இருக்கற கட்டு முழுசா வெளிய வந்துடும்."

வாட்ச்மேன் குரல்: "பூஜை ரெண்டு மணிக்குதான் அக்கா, பொரி இன்னும் வரல." அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. இரும்புப் படிகளில் ஏறும் ஓசை. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'யேசுவே'. நான் எங்கள் நிலையத்து மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். குனில்லா என் பின்னால், என் கோட்டின் நுனியைப் பிடித்தபடி வந்தார். விழுந்துவிடுவேன் என்று நினைத்தாராம்.

"முருகேசா! வால்வை மூடு!"

"இன்னா அக்கா, இன்னும் பாதி கீது. பேஜார் பண்ணாத, நேரமாவுது."

"மூடுடா! மாலதி லைன்ல இருக்கா. விழுமாம்."

"மேடம்தான் காலைல சூப்பர்னு போட்டாங்களே! வருஷா வருஷம் பண்றதுதானே. பையனுங்க ஏணி வெச்சிட்டானுங்க, தொடப்பத்தோட நிக்கிறானுங்க."

"ஸ்பீக்கர்ல போடுக்கா" என்றேன். போட்டாள். என் குரல் அந்தத் தொட்டிக்குள் போய் மோதித் திரும்பி வருவது எனக்கே கேட்டது.

"அண்ணா, நான் பொய் சொன்னேன். தொட்டியைக் காலி பண்ணித்தான் பூஜை போடணும்னு எந்தச் சாமியும் சொல்லல. கழுவறதுக்கு லீவு குடுக்க மாட்டேன்னாங்கன்னு நான் கட்டின கதை அது. என் பேச்சை நம்பி யாரும் கீழ இறங்காதீங்க. காலைல யோசிக்காம எழுதிட்டேன். கையெடுத்துக் கும்பிடறேன் அண்ணா."

சக்கரம் திரும்பும் கிறீச் கிறீச் சத்தம் கேட்டது, அவர் வால்வை மூடிக்கொண்டிருந்தார். மூடியபடியே, "அது எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம்" என்றார். "அந்த என்ஜினீயர் மூஞ்சில சாமி பயம் தெரிஞ்சப்பவே தெரியும். நல்ல காரியந்தானேன்னு நானும்..."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் முறுக்கு உடைக்கிற மாதிரி ஒன்று, பிறகு கனமாக ஏதோ தண்ணீரில் விழுந்தது. பையன்கள் கூச்சல் போட்டார்கள். "அக்கா! அக்கா!" என்று நான் கத்தினேன்.

"இருக்கேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "மூலைல ஒரு கட்டு ஒரு பக்கமா சாஞ்சு உள்ள போயிடுச்சு. ஏணி இருந்த இடம். யாரும் இறங்கல. எண்ணிட்டேன், எல்லாரும் மேலதான் நிக்கறாங்க."

நான் எங்கள் மேடையின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குனில்லாவும் உட்கார்ந்தார்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னேன். மேலேயிருந்தே கழுவ வேண்டும், கழுவாமல் ஒரு விரற்கடைகூட இறக்கக் கூடாது, ஒரு சாண் இறக்கி ஒரு சாண் கழுவ வேண்டும், முடிகிறவரை அடியில் ஒரு ஆளும் போகக் கூடாது. முருகேசன் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் 'சரி மேடம்' என்றார். பொறுப்பு என்ஜினீயர் குழந்தைகளை விட்டுவிட்டு ஓடி வந்தாராம். பழைய பக்கத்தை அடித்துவிட்டு, புதிதாக என்ன எழுத வேண்டும் என்று என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டார். மெயில் கேட்கவில்லை. பூஜையை இந்த வருடம் மேலே, நடைமேடையில் போட்டார்கள்.

எல்லோரும் போன பிறகும் டெய்சி அக்கா லைனில் இருந்தாள். பொரி மெல்லும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு சொல்லாம போயிட்ட. இன்னைக்காவது சொன்னியே" என்றாள். "அந்த ஹார்லிக்ஸை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நானே குடிச்சேன்டி. குடிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன்."

7

எங்கள் தொட்டியில் கழுவும் வேலை அன்று பாதியில் நின்றது. குழாய் திறந்தபடி கிடந்து மேடையெல்லாம் வெள்ளம். குனில்லா என்னைத் திட்டவில்லை. ஆனால் வேலை பாதியில் நின்றால் இங்கே ஒரு படிவம் நிரப்பியே ஆக வேண்டும், காரணம் எழுதியே ஆக வேண்டும். அவர் என்மேல் பாசமுள்ளவர்தான், படிவத்தின்மேல் இன்னும் பாசம். "நாளைக்குள்" என்றார்.

எழுத்துத் தமிழில் நான் நன்றாக எழுதுவேன், பார்க்கிறீர்களே. ஸ்வீடிஷில் எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கும். வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் கயல்தான் படித்துப் பதில் எழுதுவாள், முணுமுணுத்துக்கொண்டே. அன்று சாயங்காலமும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சு? ஷார்ட்டா சொல்லு" என்றாள். தமிழில்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. குவாரியில் ஆரம்பித்தேன். படிகாரம், என்ஜினீயர், தொட்டியின் தரை, பொரி, டெய்சி அக்கா, காய்ச்சல் லீவு, ஹார்லிக்ஸ். நடுவில் அவள் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒரு இடத்தில், "நீ அங்க கெமிஸ்டா? ஆபீஸ்னு சொன்ன?" என்று கேட்டாள். ஆமாம், பொய் சொன்னேன் என்றேன். அன்று அது இரண்டாவது முறை, அதனால் சுலபமாக வந்தது.

காலையில் வந்த படத்தை எடுத்துக் காட்டச் சொன்னாள். பிறகு கட்டு விழுந்த மூலையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இங்கயா உக்காருவீங்க?" என்றாள். அங்கேதான் என்றேன்.

பிறகு தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். எந்த நிலையம், எத்தனை மணி, யாருக்காவது காயமா என்று வரிசையாகக் கேட்டாள். காயம் இல்லை என்று போடும்போது இரண்டு தடவை என்னைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். காரணம் என்ற கட்டத்தில் கை நின்றது.

"காரணம் என்னம்மா?"

"சொல்லாமல் விட்டது" என்றேன்.

அதை அவள் மொழியில் எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போகாமல் திரும்பிப் பார்த்தாள். "யார் சொல்லாம விட்டதுன்னு கேட்குது. உன் பேரையா போடணும்? நாளைக்கு உனக்குப் பிரச்சினை வராதா?"

"நான்னு போடு" என்றேன்.